திருப்பி அனுப்பக் கூடாத சீர்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முதலில் அவர் படத்தைப் பார்ப்பீர்கள். பிறகு, கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி உங்களில் பலருக்கு நினைவு வரும். கருமாதி அன்று பந்தலில் என் காதில் மூன்று பதில்கள் விழுந்தன.

"கிட்னி போயிடுச்சாம்."

"இல்லப்பா, மூளையில கட்டி."

"மாத்திரைய நிறுத்திட்டாங்களாம், அதான். அக்காக்காரி குடுத்தது வீணாப் போச்சு."

மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றாவது பேச்சு அம்மாவை இன்னும் வதைக்கிறது. ஆகவே மூத்த மகள் என்ற முறையில், நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் வாழ்க்கையைச் சொல்லவும் எனக்கு இதைவிட வேறு வழி தெரியவில்லை.

அப்பா குன்னம் வட்டத்தில், இதே ஊரில் பிறந்தார். அவருக்கு மூத்தவர் அத்தை. அப்பாவுக்குப் பின் யாரும் இல்லை. அப்பா பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் தாத்தா மாரடைப்பில் போய்விட்டார். மழையை நம்பிய கரிசல் நிலம் முழுவதும் அப்பாவின் கைக்கு வந்தது. பருத்தி போட்டார், சின்ன வெங்காயம் போட்டார், பின்னாளில் எல்லோரையும் போல மக்காச்சோளத்துக்கு வந்தார். வெங்காயத்தை மட்டும் கடைசிவரை விடவில்லை. "வெங்காயம் போடுறவனுக்குத்தான் வருசா வருசம் புதுசா அழத் தெரியும்" என்பார். அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை.

அத்தையை ஜெயங்கொண்டம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அவருடைய தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டுபோக வேண்டியவர், மீசை சரியாக முளைக்காத அப்பாதான். அந்த ஆண்டு விலைக்காகக் காத்துப் பட்டறை போட்டுச் சேமித்து வைத்திருந்த வெங்காயம் முழுக்க அழுகிவிட்டது. கொஞ்சம் பச்சரிசி, வெல்லம், ஒரு பானை, ஒரு நூல் சேலை, இரண்டு கரும்பு, ஒரு மஞ்சள் கொத்து. இவ்வளவுதான் சேர்ந்தது. பஸ் மாறிப் பஸ் ஏறிக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். அத்தையின் மாமியார் மூட்டையைப் பார்த்துவிட்டு, "இதத் தூக்கிக்கிட்டா அவ்ளோ தூரம் வந்த? எடுத்துக்கிட்டுப் போயிடு தம்பி, நாலு பேரு பாத்தா எங்களுக்குத்தான் கேவலம்" என்று சொல்லிவிட்டார்.

அத்தை வீட்டார் இதை நான் எழுதியதற்காக வருந்த வேண்டாம். அந்த அம்மாவே பிற்காலத்தில் அப்பாவுக்குத் தன் கையால் சோறு போட்டவர். அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் சீரைத் திருப்பி அனுப்பினால் உறவை அறுத்ததாகப் பொருள். அப்பா அந்தக் கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறினார். கண்டக்டர் ஒன்றும் அறியாதவர். "என்ன தம்பி, எல்லாரும் சீரு கொண்டு போறாங்க, நீ கொண்டு வரே?" என்று கேட்டிருக்கிறார். அரியலூர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் அப்பா கரும்பை அங்கே நின்ற மாட்டுக்குப் போட்டுவிட்டார். மறு ஆண்டு வெங்காயம் கைகொடுத்தது. சீரை வண்டி வைத்துக் கொண்டுபோனார், அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு ஒரு பொங்கல்கூடத் தவறவில்லை. ஆனால் அந்த முதல் சீரைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது. பாட்டி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் கால் வீங்க ஆரம்பித்தது. பல ஆண்டுகளாகக் கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தம் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றிருந்தது. பெரம்பலூரில் டயாலிசிஸ் தொடங்கினோம். அம்மாவின் இரத்தப் பிரிவு பொருந்தவில்லை. என்னிடமும் தங்கையிடமும் வாங்க மாட்டேன் என்று அப்பா முடித்துவிட்டார். அத்தை யாரையும் கேட்கவில்லை. பரிசோதனை முடிவுகளை எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு வந்து நின்றார்.

உறுப்பு தானம் செய்பவரை மருத்துவக் குழு தனியாக விசாரிக்கும். "உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?" என்று கேட்டார்கள்.

"ஆமாங்க சார், கட்டாயம் நடக்குது. நாந்தான் அவனக் கட்டாயப்படுத்துறேன். வேண்டாம் வேண்டாங்குறான்" என்றார் அத்தை.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் அத்தை போன் செய்வார். நலம் விசாரிப்பு எல்லாம் கிடையாது. கேட்பது தான் கொடுத்த சிறுநீரகத்தை.

"என் ஆளு எப்படிடா இருக்கான்?"

"உன்ன மாதிரியேதான் இருக்கான். ஒரு நிமிசம் சும்மா இருக்குறதில்ல."

இதே கேள்வி, இதே பதில், ஏழு ஆண்டுகள். இருவருக்கும் ஒருநாளும் அலுக்கவில்லை.

அந்த ஏழு ஆண்டுகளில் உங்களில் பலர் அப்பாவிடம் மனத்தாங்கல் கொண்டீர்கள். கல்யாணத்துக்கு வரவில்லை, சாவுக்கு வரவில்லை, வந்தாலும் முகமூடியோடு வாசலில் நின்றுவிட்டுப் போகிறார் என்று. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. பிறருடைய சிறுநீரகத்தை உடம்பு அந்நியன் என்று கண்டுகொண்டு தாக்கும். தாக்காமல் இருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைக்க வேண்டும், வாழ்நாள் முழுவதும். கூட்டம், தூசி, ஈர மண், வெளிச்சாப்பாடு எதுவும் ஆகாது. மண்ணில் பிறந்து மண்ணில் வளர்ந்தவர் தன் கொல்லையை, அந்தக் கரிசல் நிலத்தை, வரப்பில் நின்று பார்த்தார். "மாஸ்க்கு போட்டுக்கிட்டு வெங்காயம் வெளைய வைக்கிற ஒரே சம்சாரி நீதான்யா" என்று பக்கத்துக் கொல்லைக்காரர் கேலி செய்வார். அப்பாவும் சிரிப்பார். காலை எட்டு மணி, இரவு எட்டு மணி மாத்திரை மட்டும் பிசகாது. எங்கள் வீட்டில் குழம்பு கொதிப்பதும் விளக்கு அணைவதும் அந்த எட்டு மணியை வைத்துத்தான்.

அப்பா இறப்பதற்கு முந்தைய பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனபோது நானும் வாடகை வேனில் உடன் போனேன். ஜெயங்கொண்டம் தாண்டி, கிளைச்சாலை பிரியும் இடத்தில் டிரைவர், "எந்தப் பக்கம் மாமா?" என்று கேட்டார். அப்பா சாலையைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "நீயே பாத்துப் போப்பா" என்றார். பாதி வாழ்நாள் போய்வந்த வழி அது. அத்தை வீட்டில் இறங்கியபோது, சட்டையின் இடது கை மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னடா, சட்டையப் பாதியிலயே விட்டுட்டு வந்துட்ட?" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். ஆனால் கையை மாட்டிக்கொள்ளவில்லை. அப்படி ஒரு கை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

திருச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலப்பக்கம் கட்டிகள். காசநோயாக இருக்கலாம், பூஞ்சையாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். மண்டையில் சிறு துளையிட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, இரண்டும் இல்லை. லிம்போமா என்ற புற்றுநோய். அதைக் கிளப்பியது ஒரு வைரஸ்.

சிறுநீரக மருத்துவர், ஓர் அம்மையார், எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். "இந்த வைரஸ் எனக்கும் இருக்குங்க, உங்க பொண்ணுக்கும் இருக்கும். சின்ன வயசுலயே வந்து, உடம்புக்குள்ள சும்மா படுத்துக் கிடக்கும். நம்ம எதிர்ப்புச் சக்தி அத எழுந்திரிக்க விடாது. உங்களுக்கு அந்தச் சக்தியத்தான நாங்க மாத்திரை போட்டு அடக்கி வச்சிருக்கோம். ரொம்பப் பேருக்கு இப்படி ஆகுறதில்ல. உங்களுக்கு ஆயிருச்சு."

அப்பா மருத்துவர் பக்கம் திரும்பினார். "எங்க ஊருல மக்காச்சோளத்துக்குக் காட்டுப்பன்னி வரும்மா. காவக்காரன் தூங்குனா பன்னி மேஞ்சிடும். காவக்காரன் முழிச்சிருந்தா, எங்கக்கா குடுத்த விருந்தாளிய வெட்டிப்புடுவான். அப்படித்தானம்மா?"

"அப்படியேதாங்க" என்றார் மருத்துவர்.

நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்கிறேன். அங்கே ஓர் இயந்திரம் நின்றால்தான் இன்னொன்று ஓடும் என்று சில இணைப்புகளைப் பூட்டி வைத்திருப்போம். எவ்வளவு சிக்கலான பூட்டானாலும், அமைத்தவர் எங்காவது ஒரு விடுபடும் வழி வைத்திருப்பார். வரிசைப்படுத்திப் பார்த்தால் அது கண்ணில் படும். அதனால் அப்பாவின் நிலையையும் வரிசைப்படுத்திப் பார்த்தேன்.

ஒன்று, கட்டி வளர்வது வைரஸால்.
இரண்டு, வைரஸ் எழுந்தது மாத்திரையால்.
மூன்று, மாத்திரையைக் குறைத்தால் அத்தையின் சிறுநீரகம் போகலாம்.
நான்கு, கட்டியைக் கரைக்கும் முக்கிய மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் கெட்டால் அந்த மருந்தும் இல்லை.

நான்காவதிலிருந்து மறுபடி ஒன்றுக்குத்தான் வர முடிந்தது. எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் அப்படித்தான். அம்மாவிடம் விளக்கியபோது, "உள்ளயும் பூட்டு, வெளியயும் பூட்டுன்னா எந்தப் பக்கம்டி ஓடுறது?" என்று கேட்டார்.

மருத்துவர்கள் ஒருமித்து ஒரு வழி சொன்னார்கள். ஒரு மாத்திரையை நிறுத்தி, இன்னொன்றைக் குறைப்பது. உடனே மருந்தை ஏற்றுவது. சிறுநீரகம் தாங்கினால் நல்லது. போனால் மறுபடி டயாலிசிஸ். உயிரைப் பார்ப்போம், பிறகு மற்றது.

அப்பா ஒப்பவில்லை. "மாத்திரையில கை வைக்காதீங்க" என்றார். மருத்துவர் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். அப்பா எழுந்து நின்றுவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் பாடாலூரில் டீக்கு நிறுத்தினோம். அங்கே எங்களிடம் சத்தியம் வாங்கினார். அக்காவுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது.

அந்த வாரங்களில் அவருடைய இடது கால் இழுக்கத் தொடங்கியது. தட்டில் இடப்பக்கம் இருக்கும் சோற்றைப் பார்க்காமல் எழுந்துவிடுவார். அம்மா தட்டைத் திருப்பி வைத்தால் சாப்பிடுவார். சிறுநீரகப் பரிசோதனை மட்டும் ஒவ்வொரு முறையும் நன்றாகவே வந்தது. அதுதான் எங்களுக்குப் பெரிய இடி. கெட்டிருந்தால் அவர் விட்டுக்கொடுத்திருப்பார். காலையில் போன் வரும். "என் ஆளு எப்படிடா இருக்கான்?" அப்பா வழக்கமான பதிலைச் சொல்வார். அது பொய்யும் இல்லை. அம்மா சமையலறையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார். சத்தியம் செய்தவர்கள் நாங்கள். பேசவும் முடியாது, பேசாமல் இருக்கவும் முடியாது.

ஒரு நாள் அத்தை வழக்கம்போலக் கேட்டார். அப்பா போனைக் காதில் வைத்தபடியே, "எந்த ஆளு?" என்றார்.

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு அத்தை எங்கள் வாசலில் நின்றார். கையில் பை இல்லை, மாற்றுச் சேலை இல்லை. அப்படியே பஸ் ஏறியிருக்கிறார்.

"என் ஆளு யாருன்னே மறந்துட்டியாடா?"

"இல்லக்கா... சும்மா வெளாட்டுக்கு..."

"பொய் சொல்லாத. சின்னதுலேருந்தே பொய் சொன்னா உனக்குக் காது செவந்துடும்."

அம்மா சத்தியத்தை விட்டுவிட்டார். "அண்ணி, உக்காருங்க, எல்லாத்தையும் சொல்றேன்" என்று தொடங்கி, காட்டுப்பன்னி வரைக்கும் சொல்லி முடித்தார். அத்தை அப்பா பக்கம் திரும்பினார்.

"அப்ப கொறைக்க வேண்டியதுதான? எதுக்கு உக்காந்துருக்கீங்க?"

"கொறைச்சா போயிடும்க்கா" என்றார் அப்பா.

"போவட்டும்."

"எப்படிக்கா போவட்டுங்குற? சீரத் தூக்கிக்கிட்டுத் திரும்பி வந்தவன் நான். அது என்னன்னு எனக்குத் தெரியும். நீ குடுத்தத நான் திருப்பி அனுப்புவனா?"

அவர் வாயிலிருந்து அந்தச் சீரைப் பற்றி நாங்கள் கேட்டது அதுவே முதல் முறை. அவர் எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மருத்துவர் பேசியது சிறுநீரகத்தைப் பற்றி. அப்பா கேட்டது சீரைப் பற்றி.

அத்தை கட்டிலில் அவர் பக்கத்தில், அவர் பார்வைக்கு எட்டும் வலப்பக்கமாக உட்கார்ந்தார்.

"அன்னிக்கு வூட்டுக்குப் போயி மூட்டையப் பிரிச்சியா?"

"பிரிச்சேன்."

"என்னென்ன இருந்துச்சு, சொல்லு."

முந்தின நாள் சாப்பிட்டது நினைவில்லாத மனிதர். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா நிதானமாகச் சொன்னார். "அரிசி. வெல்லம். சேலை. பானை."

"மஞ்சக் கொத்து?"

வலது கை விரல்களை மடக்கி மறுபடி எண்ணிப் பார்த்தார். "இல்ல. பஸ்ஸுல விழுந்துருச்சுன்னு நெனச்சேன்."

"விழுவல. நீ செருப்பு மாட்டயில நாந்தான் உருவிக்கிட்டேன். மாட்டுக்கொட்டாய் கூரையில சொருவி வச்சிருந்து, பொங்கலன்னிக்குப் பானைக் கழுத்துல கட்டுனேன். எங்க மாமியாரு 'ஏதுடி இது'ன்னுச்சு. 'எந்தம்பி சீரு'ன்னேன். அதுக்கப்புறம் வாயத் தொறக்கல."

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே சீரு வந்து சேந்துடுச்சுடா. நீதான் திரும்பிப் போச்சு திரும்பிப் போச்சுன்னு இத்தன வருசமாத் தூக்கிச் சொமக்குற. இதுவும் அப்படித்தான். ஏழு வருசம் உனக்குள்ள ஓடுச்சுல்ல? வந்து சேந்தாச்சு. இனிமே இருந்தாலும் போனாலும் திருப்புனதா ஆவாது."

"திருட்டுக் கழுத" என்றார் அப்பா.

"எனக்கு வந்த சீர நான் எடுத்தா திருட்டாடா?"

அப்பா சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் மேலே போயிற்று. பிறகு என்னைப் பார்த்து, "டாக்டரம்மாவுக்குப் போன் போடு பாப்பா" என்றார்.

இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். மாத்திரையை நாங்கள் விட்டுவிடவில்லை. மருத்துவர்கள் சொல்லி, அத்தை கேட்டு, அப்பா ஒப்பி, அளவு பார்த்துக் குறைத்தது.

மருந்து ஏற்றினார்கள். இரண்டாம் ஸ்கேனில் கட்டிகள் சுருங்கியிருந்தன. அப்பா இடது கையால் தம்ளர் பிடித்தார். சட்டையை இரு கையிலும் மாட்டிக்கொண்டு, "பாதியில விடலன்னு உங்க அத்தைகிட்டச் சொல்லு" என்றார். ஒரு மாலை வரப்புவரை நடந்து போய் வெங்காயத்தைப் பார்த்துவிட்டு வந்தார். கதவு திறந்துவிட்டது என்றே நினைத்தோம். அது இன்னொரு அறைக்குள்தான் திறந்திருந்தது. சிறுநீரகம் மெல்ல மெல்ல நின்றது. பெரம்பலூரில் மறுபடி அதே டயாலிசிஸ் நாற்காலி. பிறகு கட்டி திரும்ப வந்தது, கதிர்வீச்சுக்கும் அடங்கவில்லை. பேச்சு குறைந்தது. எங்கள் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. காலை எட்டு மணிக்குக் கையை நீட்டுவது மட்டும் போகவில்லை. மிச்சமிருந்த ஒரே மாத்திரையை அம்மா அந்தக் கையில் வைப்பார். அப்பா வாங்கிப் போட்டுக்கொண்டு, வேலை முடிந்த மனிதரைப் போலக் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டில், எங்கள் மூவருக்கும் அத்தைக்கும் நடுவில்தான் இறந்தார்.

உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் நம் உறவிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டாருக்கு ஒன்று சொல்வேன். பழகிய வழி மறந்தால், பேச்சு தடுமாறினால், ஒரு பக்கத்துக் கை சொன்னபடி கேட்காவிட்டால், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையைக் குறைக்க வேண்டாம். அது மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டியது.

அப்பாவுக்காக உழைத்தவர்களை நினைக்கிறோம். மூடிமறைக்காமல் பேசிய திருச்சி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் வணக்கம். டயாலிசிஸ் பிரிவில் அப்பாவை "வெங்காயத் தாத்தா" என்று அழைத்துச் சிரிக்கவைத்த தம்பி தங்கைகளுக்கும், நாங்கள் மருத்துவமனையில் கிடந்தபோது கேட்காமலேயே எங்கள் வெங்காயத்தைப் பிடுங்கிப் பட்டறை போட்டுக் கொடுத்த பக்கத்துக் கொல்லைக்காரருக்கும், எந்த வேளையில் கூப்பிட்டாலும் வண்டியோடு வந்த வேன் டிரைவருக்கும், அம்மாவைத் தனியாக விடாத தெருவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த வரிசையில் அத்தை இல்லை. எழுதித்தான் வைத்திருந்தேன். படித்துக் காட்டியபோது, "நன்றின்னு என்னப் போட்ட, அந்தப் புக்கத் திருப்பி அனுப்பிடுவேன்" என்றார். எங்கள் வீட்டில் அந்த மிரட்டலுக்கு மேல் மிரட்டல் இல்லை. எடுத்துவிட்டேன்.

துக்க ஆண்டு என்பதால் சென்ற பொங்கலுக்குப் பானை வைக்கவில்லை, சீரும் போகவில்லை. "ஆம்பளப் புள்ள இல்லாத வூடு, சீரு அதோட முடிஞ்சுது" என்று பெரியவர் ஒருவர் சொன்னார். "ஏன், இவளுக்குக் கையில்லையா?" என்று அத்தை கேட்டார்.

வரும் பொங்கலுக்கு நான் கொண்டுபோகிறேன். அப்பா வைக்கும் வரிசை எனக்கு மனப்பாடம். ஆனாலும் என்னென்ன வேண்டும் என்று அத்தையிடம் கேட்டேன்.

"வழக்கமா வைக்கிறத வையி. மஞ்சக் கொத்து மட்டும் ரெண்டா வையி."

"ரெண்டு எதுக்கு அத்த?"

"ஒண்ண நான் யாருக்கும் தெரியாம உருவி வச்சுக்கணும்ல."